மாமா கேட்ட வரி

அனுமந்தன்பட்டி,
12 ஜூன் 1948

அன்புள்ள மாமாவுக்கு,

சந்தனம் எழுதுவது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவள் அடுப்படிக்கு எழுந்து போகும்போதெல்லாம் என் பேச்சையும் நடுவில் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

லண்டனில் முட்டைக்கு ரேஷன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக் காட்டியதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "எந்தம்பி இங்கன இருந்தா கோழிய அடைகாக்க விடமாட்டானே, அம்புட்டையும் தின்னுருவானே! இந்தப் பவுசுக்கா கப்பலேறிப் போனான்?" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மருந்து செய்கிற படிப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களிடம், "எந்தம்பி துரைமாருக்குக் கசாயம் காச்சுறான்" என்கிறாள். நான் திருத்தவில்லை.

கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது, கோபிக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் கையெழுத்துக்கு எனக்குத்தான் பரிசு. இப்போது பேனாவைப் பிடித்தால் விரல்கள் தானாக ஆடுகின்றன. சட்டி, செம்பு, டம்ளர் எதைத் தூக்கினாலும் பாதி தரையில். போன வாரம் வந்த விருந்தாளிக்கு மோர் கொடுக்கப்போய் அவர் வேட்டியிலேயே ஊற்றிவிட்டேன். "கவனம் எங்கடி இருக்கு, லண்டன்லயா?" என்று அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

ஒச்சாண்டி வைத்தியர் நாடி பார்த்தார். நரம்பில் சூடு ஏறியிருக்கிறதாம். செம்புப் பாத்திரத்தில் ராத்திரி ஊற்றி வைத்த தண்ணீரை வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார். செம்புப் பஸ்பமும் தேனில் குழைத்துத் தருகிறார். செம்புப் பாத்திரத்துக்கு எங்கே போவது என்று அம்மா யோசித்தாள். நான்தான், மாமா பரிசத்துக்கு வைத்த குடம் இருக்கிறதே என்றேன். அதிலிருந்துதான் தினமும் குடிக்கிறேன். வேறு தண்ணீர் இப்போது பிடிக்கவில்லை.

பரிசம் போட்டு நீங்கள் கப்பலேறி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. என்னோடு படித்த பாண்டியம்மாளுக்கு இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. எப்போது வருவீர்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவள் இப்போது அடுப்படியில் இருக்கிறாள், அதனால் நானும் கேட்கிறேன்.

உங்கள்
சந்தனம்


லண்டன்,
25 ஜூன் 1948

அன்புச் சந்தனத்துக்கு,

உன் கடிதம் வந்தது. அக்காவிடம் சொல், முட்டை கிடைக்காவிட்டாலும் உருளைக்கிழங்கு கிடைக்கிறது, உயிரோடுதான் இருக்கிறேன். கசாயம் காய்ச்சுகிறவன் என்று அவள் சொன்னதில் தப்பே இல்லை. விடிந்தால் அடைந்தால் அதுதான் என் பிழைப்பு.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினேன். ஒரு வருஷமாகவே எழுத்து கொஞ்சங்கொஞ்சமாகச் சிறுத்து, கோடு நெளிந்து வந்திருக்கிறது. எனக்கு மனசு சரியில்லை. சிலவற்றைக் கேட்கிறேன், மறைக்காமல் எழுது. பேச்சு குழறுகிறதா? தூங்கும்போது எச்சில் வடிகிறதா? நடை தடுமாறுகிறதா? உன் அண்ணன் அம்மாவாசி மஞ்சள் காமாலையில் இறந்தானே, அதற்கு முன்னால் அவனுக்கும் இப்படிக் கை ஆடியதா?

தேனியில் சண்முகராஜ் என்ற டாக்டர் இருக்கிறார், மதுரையில் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் போய், கருவிழியின் ஓரத்தில் வளையம் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்.

இன்னொன்று. இனி ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரே வரியை எழுது. 'பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது' என்று எழுதினால் போதும். வளைவும் சுழியும் அதில் நிறைய இருக்கின்றன, ஒன்றோடொன்று ஒப்பிட வசதி. மறக்காதே.

அன்புடன்
அழகர்


அனுமந்தன்பட்டி,
17 ஜூலை 1948

அன்புள்ள மாமாவுக்கு,

தேனிக்குப் போய் வந்தோம். யுத்தத்தில் ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பிப் போடவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், ஒருத்தர் மேலே விழுந்து திட்டு வாங்கினேன்.

டாக்டர் ரொம்ப நேரம் கண்ணைப் பார்த்தார். பழுப்பும் பச்சையும் கலந்து கருவிழியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதாம். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயா, எம்புள்ளைக்குப் பேய்க்கோளாறா?" என்று கேட்டாள். "பேய் இல்ல ஆத்தா, ஒங்க தம்பி சொல்லுவாக" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் கேட்டது எல்லாம் உண்டு. எச்சில் வடிகிறது. அதை உங்களிடம் எழுதும்படி ஆகிவிட்டதே என்றுதான் அழுகை வருகிறது. பேச்சும் கொழகொழவென்று வருகிறது. அண்ணனுக்குக் கை ஆடவில்லை, வயிறுதான் வீங்கியது. அவன் போன பிறகு தனக்குப் பிள்ளை என்று நான் ஒருத்திதான் என்று அய்யா ராத்திரியில் என் பாயின் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

என்ன நோய் என்று எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ உங்கள் வாயால் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள்
சந்தனம்

பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. (இன்னும் வரவில்லை மாமா. நீங்கள் சொன்னதற்காக எழுதினேன்.)


லண்டன்,
1 ஆகஸ்ட் 1948

அன்புச் சந்தனத்துக்கு,

இதை அக்காவுக்கு முழுக்கப் படித்துக் காட்டு. பரிசக் குடத்துத் தண்ணீரை இன்றோடு நிறுத்து. ஒச்சாண்டி கொடுத்த பஸ்பத்தைக் குப்பையில் கொட்டு. ஈரல் சாப்பிடாதே. மண்பானைத் தண்ணீரே குடி.

நாம் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் துளித்துளி செம்பு இருக்கிறது. உடம்புக்கு அது கொஞ்சம் வேண்டும், மிச்சத்தை உடம்பே வெளியே தள்ளிவிடும். சிலர் உடம்புக்கு மட்டும் அப்படித் தள்ளத் தெரிவதில்லை. சேர்ந்த செம்பு ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் போய்த் தங்கிவிடுகிறது. அம்மாவாசிக்கு ஈரலோடு முடிந்திருக்க வேண்டும். உனக்குக் கைக்கு வந்திருக்கிறது. குடத்தின் மேல் பழியில்லை, குடம் வருமுன்பே இது உன் உடம்பில் இருந்தது. ஆனால் நிறைந்து வழிகிற தொட்டியில் மேலும் ஊற்றக் கூடாது.

உடம்புக்குள் என்சைம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வேலையாட்கள் என்று வைத்துக்கொள். வேண்டாத உலோகம் வந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டால் வேலை நின்றுபோகும். யுத்த காலத்தில், பாஷாணம் கலந்த விஷப்புகைக்கு மாற்றாக இந்த ஊர்க்காரர்கள் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அதில் இரண்டு கந்தகம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நம் வரப்பு நண்டு கொடுக்கால் கவ்வுகிற மாதிரி அது உலோகத்தைக் கவ்விக்கொண்டு மூத்திரத்தோடு வெளியே போய்விடும். செம்பையும் அது கவ்வும் என்று இங்கே சில டாக்டர்கள் நினைக்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியாது.

அதன் தம்பி தங்கைகளை உண்டாக்குவதுதான் என் வேலை. பழையதை ஊசியாகத்தான் போட முடியும், வலி பிராணன் போகும். வாயால் விழுங்குகிற மாதிரி ஒன்று செய்யப் பார்க்கிறேன். கந்தகத்தை ஓர் அணு தள்ளி வைத்தால் பிடி தளர்கிறது. பிடியை இறுக்கினால், என்சைமுக்கு வேண்டிய உலோகத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறது. மருந்து கொடுத்துச் சோதித்த முயல்கள் இந்த வாரமும் செத்துவிட்டன. கந்தக நாற்றம் கோட்டில் ஏறி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை. வீட்டுக்காரக் கிழவி தட்டை அறை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். களைத்துவிட்டேன் சந்தனம். ஆனாலும் விடமாட்டேன்.

அன்புடன்
அழகர்

வரியை மறக்காமல் எழுது. அடைப்புக்குறியில் வம்பு பேச வேண்டாம்.


அனுமந்தன்பட்டி,
9 நவம்பர் 1948

மாமா,

இதை எழுத ஒரு பகல் ஆகிறது. அம்மா காகிதத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.

குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நீங்கள் கொடுத்ததில் நான் தினமும் தொட்டது அது ஒன்றுதான்.

அம்மாதான் ஊட்டிவிடுகிறாள். பேசினால் அய்யாவுக்குக்கூடப் புரியவில்லை. படுக்கும்போது கையைச் சேலையால் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் என்னையே அடிக்கிறது.

மாமா, நான் செத்துப்போனால் அழுவீர்களா? இல்லை, ஐயோ பாவம் என்று மட்டும் இருக்குமா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

சந்தனம்

பெரியாற்றுத் தண்ணீர் வந்து


லண்டன்,
24 நவம்பர் 1948

அன்புச் சந்தனத்துக்கு,

அவசரமாக எழுதுகிறேன். டாக்டர் பொன்னுராஜ் என்ற மதுரைக்காரர் இந்த வாரம் ஆகாய விமானத்தில் ஊர் திரும்புகிறார். அவர் கையில் ஊசி மருந்து கொடுத்தனுப்புகிறேன். நான் செய்தது இல்லை, பழைய மருந்துதான். என்னுடையது ஒன்றும் தேறவில்லை. உன் கடிதங்களை இங்குள்ள பெரிய டாக்டரிடம் காட்டி, மன்றாடி வாங்கியிருக்கிறேன்.

சண்முகராஜுக்கு எவ்வளவு, எப்படி என்று இங்கிலீஷில் தனியாக எழுதியிருக்கிறேன். கடலை எண்ணெயில் கலந்த மருந்து, கெட்டியாக இருக்கும். இடுப்புச் சதையில் ஆழமாகப் போட வேண்டும். வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், கண்ணில் நீர் கொட்டும். பயப்படாதே. போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தால் பொறுத்துக்கொள். விட்டுவிட்டு, சுற்றுச் சுற்றாகப் போட வேண்டியிருக்கும்.

உன் கடைசிக் கடிதம் மிகவும் உபயோகமாக இருந்தது. கோடு எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த எழுத்தில் கை நிற்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. வரி முடியாவிட்டாலும் பரவாயில்லை, முடிந்தவரை எழுது. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன், தபால் கட்டுகிற நேரம்.

அன்புடன்
அழகர்


அனுமந்தன்பட்டி,
20 மார்ச் 1949

அன்புள்ள மாமாவுக்கு,

பாருங்கள், முழுக் கடிதமும் நானே எழுதுகிறேன், காகிதத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

அது மருந்தா மாமா, தண்டனையா? போட்ட இடம் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி எரிந்தது. புட்டியைத் திறந்ததும் செத்த எலி நாற்றம். கம்பவுண்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். நர்ஸ் சுப்புத்தாய் அக்காதான் கடைசிவரை நின்றாள். "கடலை எண்ணெய்னு சொன்னாக, எந்தச் செக்குல ஆட்டுனதோ!" என்று அவள் சொன்னதும் வலியோடு வலியாகச் சிரித்துவிட்டேன். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. இனி இந்த வதை வேண்டாம் என்று அய்யா அழுதார். அம்மா விடவில்லை. "எந்தம்பி ஒண்ணு அனுப்புனான்னா யோசிச்சுத்தான் அனுப்புவான்" என்று என்னை இழுத்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் சுற்று முடிந்தபோது ஒரு டம்ளர் மோரைச் சிந்தாமல் அய்யாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, அம்மாவோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. காலில் மட்டும் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது.

உங்களுக்கு நான் என்ன சொல்வது? நன்றி என்று எழுதினால் வேற்று ஆளுக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது.

நவம்பரில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். பிறகு எழுதுகிறேன் என்றீர்கள். அவசரமில்லை, ஞாபகப்படுத்தினேன்.

உங்கள்
சந்தனம்

பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது.


லண்டன்,
14 மே 1949

அன்புச் சந்தனத்துக்கு,

நல்ல செய்தி. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

போன வாரம் இங்கே டாக்டர்களும் ரசாயனக்காரர்களும் கூடிய பெரிய கூட்டம். என்னையும் பேசச் சொன்னார்கள். உன் கடிதங்களைப் படம் பிடித்து, சினிமாபோல வெள்ளைத் திரையில் சுவர் அகலத்துக்குக் காட்டினேன். முதலில் ஜூன் மாதத்துக் கடிதம், பிறகு ஜூலை, பிறகு நவம்பர் கடிதம் முழுப் பக்கமும். அதைப் பார்த்துக் கூட்டமே உச்சுக்கொட்டியது. அடுத்து மார்ச் கடிதத்தைப் போட்டதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு மருந்து வேலை செய்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டியவர் இல்லை என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா!

நீ வெட்கப்படாதே. அங்கிருந்தவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அவர்களுக்கு அது வெறும் கோடும் சுழியும்தான்.

இதன் பலனாக எனக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை நீட்டித்திருக்கிறார்கள். வாயால் விழுங்கும் மருந்தை எப்படியும் செய்துவிடுவேன். கல்யாணத்தை அதுவரை தள்ளி வைக்கத்தான் வேண்டும். நீ புரிந்துகொள்வாய் என்று தெரியும். வரியை மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிரு, அடுத்த கூட்டத்துக்குத் தேவைப்படும்.

அன்புடன்
அழகர்


அனுமந்தன்பட்டி,
11 ஜூன் 1949

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். இதுவரை உங்கள் கடிதங்களில் சில இடங்களை விட்டுவிட்டோ, இல்லாத இரண்டு வார்த்தையைச் சேர்த்தோதான் படிப்பேன். 'சந்தனத்தை நினைத்துக்கொண்டேன்' என்று நீங்கள் எழுதியதாக அம்மா நம்பியிருப்பதெல்லாம் நான் சேர்த்தது. இந்த முறை ஒன்றும் சேர்க்கவில்லை.

அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அப்புறம், "அந்தக் காயிதத்துல நீ என்னத்த எழுதியிருந்த?" என்று கேட்டாள். நவம்பரில் அவள் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாளே தவிர, அவளுக்கு எழுத்துத் தெரியாது. சொன்னேன். செத்துப்போனால் அழுவீர்களா என்று கேட்டிருந்தேன் என்றேன்.

எனக்குக் கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது. அங்கிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியுமே, மாமா. சுவர் அகலத்துக்கு அதைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றீர்களே, அப்போதாவது ஒருமுறை வாசித்தீர்களா?

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். யாராவது சொன்னாலும் விடமாட்டேன். இந்தக் கை நீங்கள் கொடுத்தது. என் எழுத்து நெளிவதை ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து நீங்கள் கண்டுபிடிக்காவிட்டால், அண்ணனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் நானும் இருந்திருப்பேன். அதற்காக நாள் முழுக்க உங்களைக் கும்பிடலாம். ஆனால் கும்பிடுகிறவளாக ஒரு வீட்டில் போய்க் குடும்பம் நடத்த முடியாது. இரண்டு வருஷம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதில் வந்திருந்தால் இன்னும் பத்து வருஷம்கூட உட்கார்ந்திருப்பேன், நான் அப்படிப்பட்ட கழுதைதான்.

நேற்று அம்மா குடத்தையும் பரிசச் சேலையையும் எடுத்துக்கொண்டு உங்கள் அண்ணன் அழகுமலைப் பெரிய மாமா வீட்டுக்குப் போனாள். நான் போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குடத்தைப் புளி போட்டு நானே தேய்த்துக் கொடுத்தேன், பளபளவென்று இருந்தது. பெரிய மாமா கோபத்தில், "படிச்ச தம்பிய விட்டா ஒம்மகளுக்கு எவன் கெடைப்பான், நோயாளிய எவன் கட்டுவான்?" என்று கேட்டாராம். "கட்டாட்டி இருக்கட்டும். எந்தம்பி எம்மகள நல்லாப் பாத்தான், இல்லைங்கலை. அவ மூஞ்சிய மட்டும் பாக்கலை" என்று சொல்லிவிட்டு, குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்காக அழுதாள். முட்டைகூட இல்லாத ஊரில் தனியாகக் கிடக்கிறானே என்று.

மருந்து இன்னும் தொடர்ந்து வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் மனசு. அனுப்பினால் டாக்டர் சண்முகராஜ் பெயருக்கே அனுப்புங்கள். என் கை எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்து உங்களுக்கு எழுதுவார். வாயால் விழுங்குகிற மருந்தை நீங்கள் கட்டாயம் கண்டுபிடிக்க வேண்டும். என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் எங்கெங்கே கையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்களோ. அது கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பொங்கல் வைப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நாற்றமடிக்கிற அந்தக் கோட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு ஒன்று வாங்குங்கள்.

இங்கே எல்லோரும் நாற்றங்காலில் இருக்கிறார்கள். அம்மா கூப்பிடுகிறாள், நானும் வரப்பில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். வாய்க்கால் நேற்றிலிருந்து நிறைந்து ஓடுகிறது.

நீங்கள் கேட்ட வரியை இதில் எழுதவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது.

மொக்கம்மாள் மகள்
சந்தனம்மாள்